தடையின் விலை யார் தலையில்?
மனிதக் குளோனிங் தடையும் மலையகம் கண்ட தடைகளும்

‘குளோன்’ என்பது ஆய்வுகூடத்தில் பிறந்த சொல் அல்ல. தோட்டத்தில் பிறந்த சொல். கிரேக்க மொழியில் கொப்பு, சிறு கிளை என்று பொருள்படும் சொல்லிலிருந்து 1903ஆம் ஆண்டு அமெரிக்கத் தாவரவியலாளர் ஹேர்பேர்ட் வெப்பர் அதை ஆக்கினார். விதை போடாமல், தாய்ச்செடியின் கொப்பையோ கிழங்கையோ நட்டு உண்டாக்கும் செடிகளுக்கு ஒரு பொதுப்பெயர் தேவைப்பட்டது. செம்மறியாட்டுக்கும் மனிதனுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது பல பத்தாண்டுகள் கழித்துத்தான்.

மனிதனைக் குளோன் செய்வது பற்றிப் பேச்சு வந்தால் நம்மில் பலர் “அது ஹராம்தானே, இன்னும் என்ன கதை?” என்று எழுந்துவிடுகிறோம். ஹராம் என்ற முடிவில் எனக்கும் மாறுபாடில்லை. ஆனால் மார்க்கத் தீர்ப்பு வேறு, அரசாங்கம் போடும் தடைச் சட்டம் வேறு. தீர்ப்பு மனிதனின் மனச்சாட்சியோடு பேசுகிறது. சட்டமோ பொலிஸ், நீதிமன்றம், சுங்கம், பல்கலைக்கழகத்துக்குப் போகும் பணம், வைத்தியசாலையில் காத்திருக்கும் நோயாளி என்று எத்தனையோ பேரைத் தொட்டுக்கொண்டு போகிறது. தடைக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலை என்ன, அதை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பது தடையை எதிர்ப்பதாகாது. மலையகத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்குக் காரணமும் உண்டு. குளோனையும் இந்த மலை கண்டிருக்கிறது. யோசிக்காமல் போட்ட தடைகளையும் கண்டிருக்கிறது.

கொப்பிலிருந்து ஒரு மலை

தேயிலைக்கு முன் இங்கே கோப்பி நின்றது. 1869இல் இலைத்துரு நோய் முதன்முதலாகக் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலைநாட்டுக் கோப்பி அடியோடு சாய்ந்தது. ஏறக்குறைய ஒரே வகையாக, ஒரே பரப்பாக நின்ற பயிர் என்பதால் நோய்க்குத் தடையே இருக்கவில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அந்த வெற்றிடத்தை நிரப்பியது. அந்தக் காலத்துத் தேயிலை விதைத் தேயிலை. ஒரு தூரைப் போல மற்றத் தூர் இராது. ஒன்று சீக்கிரம் கொழுந்துவிடும், இன்னொன்று சோம்பி நிற்கும்.

1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பின்னர் அது தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. கொப்பு வெட்டித் தேயிலை வளர்க்கும் ஆய்வு அங்கே 1930களில் நடந்தது. ஓர் இலை, அதனடியில் ஒரு கணு, ஒரு துண்டுத் தண்டு, அவ்வளவுதான். நிழல் போட்ட நாற்றுமேடையில் மாதக்கணக்கில் பராமரித்தால் அது தாய்த் தூரின் அச்சான பிள்ளையாக எழும்பும். பிறகு 2020 வரிசைக் குளோன்கள் வந்தன. அவற்றில் 2025 என்ற இலக்கம் கொண்டது தோட்டம் தோட்டமாகப் பரவியது. விஞ்ஞானிகள் குளோன் என்றார்கள். தோட்டத்துச் சனம் ‘வி.பி. தேயிலை’ என்றது. வி.பி. மலையில் கொழுந்து ஒரே சீராக வரும், விளைச்சலும் விதைத் தேயிலையை விடப் பெரிதும் கூட. கூடை சீக்கிரம் நிறைந்தது உண்மை. கூடை நிறைய நிறைய, ஒரு பேருக்கு எடுக்க வேண்டிய கிலோவும் ஏறியது என்று கொழுந்தெடுத்த பெண்கள் சொல்வதும் உண்மை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தேயிலைக் குளோனை யாரும் தடை செய்யவில்லை. கட்டவிழ்த்து விடவும் இல்லை. ஒரு நிலையம் அதை ஆண்டுக்கணக்கில் சோதித்தது. எந்த உயரத்துக்கு எது பொருந்தும், எதற்கு எந்தப் பூச்சி வரும் என்று எழுதி வைத்தது. ஒரே குளோனைத் தோட்டம் முழுக்க நடாதே, கலந்து நடு என்று எச்சரித்தது. கோப்பிக்கு நேர்ந்தது நினைவில் இருந்தது. 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோயின் அடியும் நினைவில் இருந்தது. அறிவை வளர்த்து, அந்த அறிவைக் கொண்டே எல்லை போட்ட முறை அது.

வகுப்பில் இந்தப் பாடம் வந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: “சேர், தேயிலைய வெட்டி நட்டா அதே தேயிலை வருது. மனுசனையும் அப்பிடிச் செய்ய ஏலுமா? ஏலும்னா ஏன் வேணாங்கிறாங்க?” முதல் கேள்விக்கு விஞ்ஞான ஆசிரியர் பதில் சொல்வார். இரண்டாவது கேள்வி வரலாற்றுக்குரியது.

1997: கஸப்ளாங்காவும் ஜித்தாவும்

ஸ்கொட்லாந்தின் ரொஸ்லின் நிலையத்தில் 1996 ஜூலை 5இல் டொலி என்ற செம்மறிக் குட்டி பிறந்தது. வளர்ந்த ஆட்டின் மடிக் கலம் ஒன்றின் உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கப்பட்ட கருமுட்டைக்குள் வைத்து உண்டாக்கிய குட்டி. 277 முயற்சிகளில் தேறியது அது ஒன்றுதான். 1997 பெப்ரவரியில் செய்தி வெளியானது. அடுத்தது மனிதனா என்று உலகமே பதறியது.

முஸ்லிம் உலகம் தூங்கிக்கொண்டிருந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. செய்தி வந்த நான்கு மாதத்துக்குள், 1997 ஜூனில், குவைத்தைத் தளமாகக் கொண்ட இஸ்லாமிய மருத்துவ விஞ்ஞான அமைப்பு கஸப்ளாங்காவில் கூடியது. வைத்தியர்களும் உயிரியலாளர்களும் பிக்ஹ் அறிஞர்களும் ஒரே அவையில் உட்கார்ந்தார்கள். அந்த ஆய்வுகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஜூன் 28 முதல் ஜூலை 3 வரை ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமியின் பத்தாவது அமர்வு 94ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது.

அந்தத் தீர்மானத்தின் முதற்பகுதி நமக்கெல்லாம் தெரியும். எந்த முறையிலும் மனிதனைக் குளோன் செய்வது கூடாது. கணவன் மனைவிக்கிடையே மூன்றாம் ஆளின் கருப்பையோ கருமுட்டையோ விந்தோ கலமோ நுழையவும் கூடாது. ஆனால் தீர்மானம் அங்கே நிற்கவில்லை. நுண்ணுயிர், தாவரம், விலங்கு ஆகியவற்றில் குளோனிங் முறையையும் மரபணு முறையையும் ஷரீஆ வரம்புக்குள் பயன்படுத்தலாம் என்றது. நம் தேயிலை மலைகளும் அந்த அனுமதிக்குள் வருகின்றன. வெளிநாட்டு நிறுவனங்கள் முஸ்லிம் நாடுகளை மனிதக் குளோனிங் பரிசோதனைக்குக் களமாக்காமல் சட்டம் போடச் சொன்னது. அதோடு, இத்துறையில் முஸ்லிம் உலகம் பிறரை அண்டி நிற்காதபடி ஆராய்ச்சி நிலையங்களை வளர்க்கவும் சொன்னது. தடுத்ததும், அனுமதித்ததும், கட்டி எழுப்பச் சொன்னதும் ஒரே தீர்மானத்தில் இருந்தன. நாம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

2003 டிசம்பரில் மக்காவில் கூடிய ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் பிக்ஹ் சபை குருத்துக் கலங்கள் பற்றி, அதாவது ஸ்டெம் செல் பற்றி, இன்னும் நுணுக்கமாகப் பேசியது. வளர்ந்தவர் உடலிலிருந்தும், தொப்புள்கொடி, நச்சுக்கொடியிலிருந்தும், தானாகக் கலைந்த கருவிலிருந்தும், குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் மிஞ்சிய கருக்களிலிருந்தும் உரிய அனுமதியோடு எடுக்கலாம் என்றது. வேண்டுமென்று கலைத்த கருவிலிருந்தும், சிகிச்சைக்கென்று குளோன் செய்த கருவிலிருந்தும் எடுக்கக் கூடாது என்றது. ஈரானிய ஆய்வாளர்கள் வேறு பாதையில் போனார்கள். ரோயான் நிலையம் 2003இல் மனிதக் கருவின் குருத்துக் கலங்களை வளர்த்தது. 2006இல் ரோயானா என்ற குளோன் ஆட்டை இஸ்பஹானில் பிறப்பித்தது. கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் ஒன்றையொன்று பிரித்துப் பார்த்துத்தான் பேசின.

ஒரு வாக்கு வித்தியாசம்

ஐக்கிய நாடுகள் சபையில் நடந்தது வேறு கதை. பிரான்ஸும் ஜேர்மனியும் 2001இல் கொண்டுவந்த யோசனை எளிமையானது. குழந்தை பிறப்பிக்கும் குளோனிங்கைத் தடை செய்ய எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்கின்றன. அதை மட்டும் உடனே கட்டுப்படுத்தும் சட்டமாக்குவோம். அமெரிக்காவும் கொஸ்டாரிக்காவும் அவர்களைச் சேர்ந்தவர்களும் மறுத்தார்கள். ஆராய்ச்சிக்கான குளோனிங்கையும் சேர்த்தே தடை செய்ய வேண்டும் என்று நின்றார்கள். 2003 நவம்பர் 6இல் விவாதத்தை இரண்டாண்டு ஒத்திவைக்கும்படி இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் சார்பில் ஈரான் பிரேரித்தது. ஆதரவு 80, எதிர்ப்பு 79. ஒரே ஒரு வாக்கில் அது தேறியது.

கடைசியில் 2005 மார்ச் 8இல் வந்தது ஒரு பிரகடனம் மட்டுமே. ஆதரவு 84, எதிர்ப்பு 34, வாக்களிக்காதவர் 37. இந்தியா எதிர்த்தது. முஸ்லிம் நாடுகளில் பல நடுநிலை வகித்தன. பிரகடனம் எவரையும் கட்டுப்படுத்தாது. எல்லோரும் ஒத்துக்கொண்ட தடையைக்கூட உலகச் சட்டமாக்க முடியாமல் போனதற்குக் காரணம், ஒத்துக்கொள்ளாததையும் அதே சாக்கில் போட்டுக் கட்டப் பார்த்ததுதான். தடையை அகலமாக்கப் போய்த் தடையே இல்லாமல் போனது. பரந்த தடையின் முதல் விலை இது.

தடுத்தவர் கொடுத்தது

இரண்டாவது விலை, தடுத்த நாடு பிறர் கையை எதிர்பார்ப்பது. ஜேர்மனி 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் தன் மண்ணில் மனிதக் கருவை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவதைத் தடுத்தது. பிறகு 2002இல் இன்னொரு சட்டம் போட்டு, வெளிநாட்டில் ஏற்கனவே எடுக்கப்பட்ட குருத்துக் கலங்களை இறக்குமதி செய்ய அனுமதித்தது. கசாப்புக் கடை வேண்டாம், இறைச்சி வரட்டும் என்பது போன்ற நிலை. அமெரிக்காவில் 2001 ஓகஸ்டில் ஜனாதிபதி புஷ் அரசாங்கப் பணத்தை ஏற்கனவே இருந்த கல வரிசைகளுக்கு மட்டும் என்று சுருக்கினார். 2009இல் ஒபாமா அதைத் தளர்த்தினார். அந்த ஆண்டுகளில் தனியார் பணத்தில் நடந்த ஆய்வுக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை. பொதுப்பணம் விலகினால் பொதுக் கண்காணிப்பும் விலகும்.

மூன்றாவது விலை கணக்கில் வராதது. 1962இல் ஜோன் கேர்டன் தவளைக் கலத்தின் உட்கருவை மாற்றிவைத்துத் தலைப்பிரட்டைகளை உண்டாக்கினார். முதிர்ந்த கலத்தையும் ஆரம்ப நிலைக்குத் திருப்பலாம் என்ற அறிவு அதில் கிடைத்தது. அந்த அறிவின் வழியில் வந்த ஜப்பானிய வைத்தியர் ஷின்யா யமனாக்கா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் சாதாரணத் தோல் கலத்தைக் குருத்துக் கலமாக மாற்றிக் காட்டினார். கருமுட்டை வேண்டாம், கருவை அழிக்க வேண்டாம். 2012இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. மார்க்க ரீதியில் நமக்கு இவ்வளவு ஆறுதலான வழி, குளோனிங் ஆய்வின் வேரிலிருந்துதான் முளைத்தது. 1962இல் ‘இது ஆபத்து’ என்று தவளையையே தடுத்திருந்தால் என்ன இழந்தோம் என்றுகூட நமக்குத் தெரிந்திருக்காது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சட்டம் பலவீனமாக இருப்பதற்கும் விலை உண்டு. தென்கொரியாவின் ஹ்வாங் வூ-சுக் 2004, 2005ஆம் ஆண்டுகளில் மனிதக் கருவைக் குளோன் செய்து குருத்துக் கலம் எடுத்ததாக அறிவித்தார். 2006 ஜனவரியில் அந்தக் கட்டுரைகள் பொய்த் தரவுகள் என்று மீளப் பெறப்பட்டன. அதற்காகப் பெண்களிடமிருந்து எடுத்த கருமுட்டைகள் 2,000க்கு மேல். கொடுத்தவர்களில் அவர் கீழ் வேலை செய்த இளம் ஆய்வாளர்களும் இருந்தார்கள். கருமுட்டைக்கு விலை வந்தால் விற்கப் போவது கொழும்பு மாளிகைப் பெண் அல்ல. கடனில் மூழ்கிய லயத்துப் பெண்தான். ஆகவே சட்டம் வேண்டும். அது எங்கே வெட்ட வேண்டும் என்பதுதான் கேள்வி.

மலையகம் கண்ட தடைகள்

யோசிக்காத தடை எப்படி வேலை செய்யும் என்று அறிய நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. 2015இல் கிளைபோசேட் களைநாசினி தடை செய்யப்பட்டது. காரணம், வடமத்திய மாகாண விவசாயிகளை வாட்டிய சிறுநீரக நோய் பற்றிய அச்சம். நோய் உண்மை, அச்சமும் நியாயம். ஆனால் காரணம் நிரூபிக்கப்படவில்லை. தடை விழுந்தது நோய் இருந்த மாகாணத்தில் மட்டுமல்ல, மலையிலும்தான். ஆள் பற்றாத தோட்டங்களில் தேயிலைக்கு மேல் புல் நின்றது. மாற்றாக அடித்த வேறு மருந்தின் எச்சம் ஜப்பானில் இலங்கைத் தேயிலைக்குக் கெட்ட பெயர் தேடித் தந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. பாதுகாப்பு உடுப்பில்லாமல் மருந்தடித்த தொழிலாளியின் உடல்நலம் முன்பும் யாருக்கும் கவலையில்லை, பின்பும் இல்லை.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியில் நிறுத்தப்பட்டது. ஆண்டு முடியுமுன் தடை கைவிடப்பட்டது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. டொலர் இல்லாமையும் எரிபொருள் தட்டுப்பாடும் அதில் சேர்ந்திருந்தன. ஆனால் பசளையில்லாத தூர் கொழுந்து விடாது என்பது எவருக்கும் தெரியும். கொழுந்து குறைந்தால் வேலை நாள் குறையும். வேலை நாள் குறைந்தால் ஹற்றன், தலவாக்கலை கடைவீதிகளில் நம்மவர் கடைகளின் கடன் கொப்பி தடிக்கும். இயற்கை விவசாயம் நல்ல நோக்கம்தான். விலை கொடுத்தது நோக்கம் வைத்தவர் அல்ல.

இன்னொரு சட்டத்தை நம் சமூகம் மறக்காது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி, கொவிட்டில் இறந்த அனைவரையும் எரிக்க வேண்டும் என்றது. உலக சுகாதார ஸ்தாபனம் அடக்கலாம் என்று சொல்லியிருந்தது. பிறந்து இருபது நாளான பச்சிளம் குழந்தையின் ஜனாஸாவும் எரிந்தது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் தடை நீங்கியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவெடுத்தது. விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லி, விஞ்ஞானத்தைக் கேளாமல் போட்ட சட்டம் அது. அந்த வலி பட்ட நாம், மார்க்கத்தின் பெயரைச் சொல்லி அதே தவறைச் செய்யும் சட்டத்துக்குக் கைதட்ட முடியுமா?

திராட்சைக் கொடியின் உவமை

தீமைக்கு இட்டுச் செல்லும் வழியை அடைப்பது பிக்ஹில் ஏற்கப்பட்ட விதி. ஸத்துத் தராஇஃ என்பார்கள். ஆனால் எல்லா வழியையும் அடைக்கச் சொல்லவில்லை. எகிப்தில் வாழ்ந்த மாலிக்கி அறிஞர் இமாம் அல்கராபி (மறைவு 1285) வழிகளை மூன்றாகப் பிரித்தார். அடைக்கத்தான் வேண்டும் என்று உலமாக்கள் உடன்பட்டவை, அடைக்கத் தேவையில்லை என்று உடன்பட்டவை, கருத்து வேறுபட்டவை. இரண்டாவதற்கு அவர் தந்த உதாரணம் திராட்சை. எவனோ மது வடிப்பான் என்ற அச்சத்தில் திராட்சை பயிரிடுவதை யாரும் தடுப்பதில்லை. மதுவைத் தடு, கொடியை விடு. 1997 தீர்மானத்தில் இந்தப் பழைய அளவுகோலின் நிழலை நான் காண்கிறேன்.

சட்டத்தை மீறிப் பிறந்தால்?

கடைசி விலை எல்லாவற்றிலும் கூடியது. தடை இருந்தும் எங்கோ ஒரு குளோன் குழந்தை பிறந்துவிட்டால் என்ன? 2002 டிசம்பரில் ஒரு நிறுவனம் அப்படிப் பிறந்ததாக அறிவித்தது. எந்த ஆதாரமும் காட்டவில்லை. ஆனால் கேள்வி பொய்யல்ல. அந்தக் குழந்தையின் நஸப் என்ன? கலம் கொடுத்தவர் தந்தையா, காலம் பிந்திய இரட்டையரா? மரபணுக் கணக்கில் பார்த்தால் அவருடைய பெற்றோரே குழந்தையின் பெற்றோர். வாரிசுரிமையில் யாருடைய பங்கு? உலமாக்கள் குளோனிங்கை மறுத்ததற்கு முக்கிய காரணங்களில் இந்தக் குழப்பமும் ஒன்று.

தந்தையின் பெயருக்குத் தாள் காட்ட முடியாத பிள்ளையைச் சட்டம் என்ன செய்யும் என்று மலையகத்துக்குத் தெரியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று நிரூபிக்கச் சொன்னது. லயத்தில் பிறப்புப் பத்திரம் ஏது? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை 5,25,000, 3,00,000 என்று பங்குபோட்டு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை எச்சசொச்சம் தீரவில்லை. பிறந்த விதத்துக்காகவோ வந்த வழிக்காகவோ பிள்ளை தண்டிக்கப்படுவது 55 ஆண்டு இழுபட்டது.

பெற்றவர் செய்த பிழையைப் பிள்ளை சுமக்காது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. ஆகவே குளோனிங் தடைச் சட்டம் எந்த நாட்டில் எழுதப்பட்டாலும், அதைச் செய்தவரைத் தண்டிக்கும் பிரிவுக்கு அடுத்ததாக ஒரு பிரிவு இருக்க வேண்டும்: பிறந்துவிட்ட குழந்தைக்குப் பெயர், குடியுரிமை, பராமரிப்பு, கண்ணியம் முழுமையாக உண்டு என்று.

இப்படியொரு மசோதா நம் பாராளுமன்றத்துக்கு என்றாவது வரும். அப்போது நம் சார்பில் பேசுகிறவர்கள் ஹராம் என்ற ஒரு சொல்லோடு உட்கார்ந்துவிடக் கூடாது. மனிதக் குழந்தையைப் படியெடுப்பதைத் தடு. நோய் தீர்க்க ஆகுமான வழிகளைத் திறந்து வை. கருமுட்டை வாங்க வருபவனிடமிருந்து ஏழைப் பெண்ணைக் காப்பாற்று. பிறந்த பிள்ளையைக் கைவிடாதே. சட்டத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பிப் பார். இத்தனையையும் சொல்ல வேண்டும். அதற்கு உயர்தர உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகளும் மத்ரஸாவில் ஓதும் நம் பிள்ளைகளும் இப்போதே ஒரே மேசையில் உட்கார்ந்து 94ஆம் தீர்மானத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிக்கப் பழக வேண்டும். கஸப்ளாங்காவில் வைத்தியரும் ஆலிமும் ஒன்றாக உட்கார்ந்ததால்தான் நான்கு மாதத்தில் அவர்களிடம் ஒரு பதில் இருந்தது.